ஆளை வரைவது எப்படி: பென்சிலில் தொடங்கி வாட்டர் கலரில் முடிப்பது வரை

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் ஓர் ஆச்சியை முதன்முதலாக வாட்டர் கலரில் வரைந்து, அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "எய்யா, நான் இம்புட்டு கரியாவா இருக்கேன்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கண், மூக்கு, தொங்கும் காது, அதில் பாம்படம் எல்லாம் அதனதன் இடத்தில் சரியாகத்தான் இருந்தன. நிறத்தில்தான் கோட்டை விட்டிருந்தேன். பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பில் கருப்பைக் குழைத்து முகம் முழுக்கப் பூசியிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் ஆச்சியின் கன்ன எலும்பில் வானத்தின் நீலம் இருந்தது. தாடைக்கு அடியில், முன்னால் குவிந்து கிடந்த கீரையின் பச்சை இருந்தது. பின்னாலிருந்து வெயில் பட்ட காது மடல் சிவந்து கிடந்தது. இதில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. கருத்த தோல் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டு, அந்த முடிவைத் தாளில் பூசியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அதே ஆச்சியைப் பல தடவை வரைந்திருக்கிறேன். அப்படி வரைந்து வரைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பென்சில் பிடித்துப் பழக்கமுள்ள யாரும் இதை வைத்துத் தொடங்கலாம்.

வேண்டிய பொருள்கள்

கடையில் கேட்டால் பெரிய டப்பாவாக எடுத்துக் காட்டுவார்கள். அது வேண்டாம். 2பி, 4பி பென்சில்கள், பிசைந்து உருட்டக்கூடிய புட்டி ரப்பர் ஒன்று, 12, 8, 4 ஆம் எண் உருண்டை பிரஷ்கள், தண்ணீருக்கு இரண்டு டப்பா, ஒரு பழைய பருத்தித் துணி. இவ்வளவு போதும். தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஸ்கெட்ச் பழக சாதாரண கார்ட்ரிட்ஜ் தாள் தாங்கும். நிறம் தீட்ட 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) வாட்டர் கலர் தாள்தான் வேண்டும். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளியும், நெளிந்த குழிகளில் நிறம் தேங்கிவிடும். முழுத் தாளை நான்காகக் கிழித்தால் ஒரு முகத்துக்கு ஏற்ற அளவு கிடைக்கும்.

நிறம் நான்கு போதும்: எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அலிசரின் கிரிம்சன் (ஆழ்ந்த சிவப்பு), அல்ட்ரா மரைன் நீலம். கை பழகிய பிறகு ஒரு செருலியன் நீலம் சேர்த்துக்கொள்ளலாம். அலிசரின் வாங்கும்போது ட்யூபில் 'பர்மனென்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வகை அலிசரின் வெளிச்சம் பட்டுப் பட்டு நாளடைவில் வெளுத்துவிடும். ஃபிளெஷ் டின்ட் என்று ஒரு ட்யூப் விற்கிறார்கள். வெளிறிய ரோஸ் நிறம். நம் தெருவில் நடமாடும் யாருடைய முகத்திலும் அந்த நிறத்தை நான் பார்த்ததில்லை. அதை வாங்க வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மாதம்

நிறத்துக்குப் போக அவசரப்பட வேண்டாம். முதல் மாதம் ஸ்கெட்ச் நோட்டும் பென்சிலுமாக பஸ் ஸ்டாண்டில் போய் உட்காருங்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். முதல் வாரம் ஒரு ஆளுக்கு 30 விநாடிதான். அடுத்த வாரம் 2 நிமிடம். பிறகு 10 நிமிடம்.

30 விநாடியில் முகம் வரைய முடியாது, வரையவும் வேண்டாம். மூன்று சாய்வுகளை மட்டும் பிடியுங்கள்: தோள் எந்தப் பக்கம் சரிகிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஏறுகிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது. தலைக்கு ஒரு முட்டை வடிவம், மார்புக்கூட்டுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. இவற்றை இணைக்க முதுகெலும்பின் வளைவு. அவ்வளவுதான் படம்.

இந்த இடத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றால், கழுத்துக் குழியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டதாக வைத்துக்கொண்டு பாருங்கள். அது பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து விழும். பாரம் தாங்கும் பக்கம் இடுப்பு மேலே ஏறும், அந்தப் பக்கத்துத் தோள் கீழே இறங்கும். இடுப்பில் பிள்ளையை வைத்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பிள்ளை இருக்கும் பக்கம் இடுப்பு வெளியே தள்ளியிருக்கும், மேல் உடம்பு மறுபக்கம் சாய்ந்திருக்கும். இந்த ஒரு சாய்வைத் தவறவிட்டால், பிறகு எவ்வளவு அழகாக முகம் வரைந்தாலும் ஆள் கடை வாசலில் நிற்கும் துணிக்கடைப் பொம்மையாகத்தான் நிற்பார்.

நடமாடும் ஆட்களைப் பிடிப்பது சிரமமாக இருந்தால் சிலைகளிடம் போகலாம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் இருக்கிறது. நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும் குறவன் சிலை முன்னால் நான் எத்தனையோ காலைகள் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பேரின் பாரமும் ஒருவன் காலில் எப்படி இறங்குகிறது என்பதை அந்தக் கல்லைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. கை நரம்பும் நகமும் தெரிகிற வேலைப்பாடு என்பதால் எல்லாரும் அதையே பார்ப்பார்கள். நீங்கள் முதலில் முழங்காலையும் இடுப்பையும் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் திறந்தது. நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். சுற்றிச் சுற்றி வந்து, நான்கு பக்கமிருந்தும் வரையுங்கள். முதுகுப் பக்கமிருந்து வரைவது ரொம்பவே உதவும், ஏனென்றால் அங்கே முகம் இல்லை, உடம்பு மட்டுமே பேசியாக வேண்டும்.

தலையின் கணக்கு

நின்றுகொண்டிருக்கும் வளர்ந்த ஆளின் உயரம் அவருடைய தலையைப்போல ஏறக்குறைய ஏழரை மடங்கு. கைக்குழந்தைக்கு நான்கு மடங்குதான். நம் சிற்ப சாஸ்திரத்தில் வரும் உத்தம தசதாளம், அதாவது ஏறக்குறைய பத்துத் தாள உயரம் என்ற கணக்கோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தாளம் என்பது முகத்தின் நீளம், உச்சந்தலை வரையிலான முழுத் தலை அல்ல. அதோடு, அது தெய்வத் திருமேனிக்கான அளவு. பஸ்ஸுக்கு நிற்கும் மனிதருக்கு அந்த அளவைப் போட்டால் கால் நீண்டு, அவர் நம் ஊர்க்காரர் மாதிரியே இருக்க மாட்டார்.

முகத்துக்கு நான் மனசில் வைத்திருக்கும் அளவுகள் கொஞ்சம்தான். உச்சியிலிருந்து மோவாய் வரையிலான நீளத்தில் கண் சரிபாதியில் இருக்கிறது. பழகாதவர்கள் எல்லாருமே கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். நெற்றியிலும் தலைமுடியிலும் 'ஒன்றும் இல்லை' என்று தோன்றுவதால் அந்த இடத்தைக் கை தானாகச் சுருக்கிவிடுகிறது. தலையின் அகலம் ஐந்து கண் அகலம், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் இடைவெளி. புருவத்திலிருந்து மூக்கடி வரை காது. பக்கவாட்டில் பார்க்கும்போது காது தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும். பின்மண்டையை வெட்டிவிடாதீர்கள். கொண்டை போட்டு பூ வைத்த பெண்ணை வரையும்போது இந்தத் தவறு அதிகம் நடக்கும். முதலில் மண்டையை முழுசாகப் போட்டுவிட்டு, அதன்மேல் முடியைப் போடுங்கள்.

இவை எல்லாம் சராசரி. ஆள் எங்கே சராசரியை விட்டு விலகுகிறாரோ அங்கேதான் அவர் இருக்கிறார். சிறு பிள்ளைகளுக்குக் கண் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். பல் போன வயதானவர்களுக்குத் தாடை சுருங்கி, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று நெருங்கி வரும். எங்கள் ஆச்சிக்கு மூக்கடியிலிருந்து மோவாய் வரையிலான நீளம் அவருடைய காதில் பாதிகூட இல்லை. பாம்படம் இழுத்து இழுத்துக் காது தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நீளங்களைச் சரியாகப் பிடித்ததுமே, கண் வரைவதற்கு முன்பே, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து ஆச்சியின் பெயரைச் சொல்லிவிட்டார்.

அளப்பதற்குப் பென்சில் போதும். கையை முழுசாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சில் நுனியை உச்சந்தலையில் வைத்து, மோவாய் வரும் இடத்தில் கட்டை விரலை வையுங்கள். அந்த அளவைத் தோளுக்கும் இடுப்புக்கும் இறக்கி எண்ணுங்கள். முழங்கை ஒரு தடவை மடங்கி ஒரு தடவை நீண்டால் கணக்கு தப்பிவிடும்.

வெளிச்சம் ஒரு பக்கம்

வீட்டுக்குள் வரைகிறீர்கள் என்றால் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். முகத்தின் ஒரு பாதியில் வெளிச்சம், மறுபாதியில் நிழல் விழ வேண்டும். 2021-இல் கொரோனாவில் நம்மை விட்டுப் போன ஓவியர் இளையராஜாவின் படங்களைத் தேடிப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள், நம் வீட்டு ஜன்னல், கதவு வழியாகச் சாய்ந்து வரும் வெயில். நம் மாநிறமும் கருநிறமும் அந்த வெளிச்சத்தில் எப்படி ஒளிர்கின்றன என்று அவர் காட்டியிருப்பதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெளியே வரைகிறீர்கள் என்றால் காலை 7 முதல் 9 வரை, மாலை 4-க்குப் பிறகு. உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் இருண்டு, மூக்கு நிழல் வாயை மூடிவிடும்.

இனி முக்கியமான பழக்கம். கண்ணைச் சுருக்கி, இமைகளுக்கு நடுவே கீற்றாகப் பாருங்கள். இமை, சுருக்கம், மச்சம் எல்லாம் மறைந்து, மூன்று திட்டுகள் மட்டும் மிஞ்சும்: வெளிச்சம், நடு, இருட்டு. ஸ்கெட்ச் நோட்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு இந்த மூன்றை மட்டும் பென்சிலால் நிரப்புங்கள். கண்குழியின் நிழல், மூக்கின் நிழல், கன்னத்தோர நிழல், கழுத்து நிழல் என்று தனித்தனியாகப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அவை ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்து ஒரே திட்டாக இருக்கும், வாய்க்கால் வயல் வயலாகப் பாய்வது மாதிரி. அந்த ஒற்றை நிழலின் வெளி ஓரம் சரியாக இருந்தால், உள்ளே ஒன்றுமே வரையாவிட்டாலும் முகம் தெரியும். தீப்பெட்டிப் படத்தை ஒரு கை தூரத்தில் வைத்துப் பார்த்து, ஆள் யார் என்று தெரிகிற வரைக்கும் பெரிய தாளைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோலில் இருக்கும் நிறங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று போக வேண்டும்.

ஒரு வெள்ளை அட்டையில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஓட்டை போடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் நெற்றி அந்த ஓட்டையில் தெரிகிற மாதிரி அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அப்புறம் கன்னம். அப்புறம் தாடை. பிறகு நிழல் பக்கத்துக் கழுத்து. முகம் என்பதை மறந்து நிறத்தை மட்டும் பார்க்கும்போது, நான்கும் நான்கு நிறமாக இருப்பதைக் கண்டு முதல் நாள் நான் அசந்துபோனேன். பொதுவாக நெற்றியில் மஞ்சள் ஓடும். கன்னம், மூக்கு நுனி, காது ஆகியவற்றில் தோலுக்கு அடியில் ரத்தம் அதிகம் என்பதால் சிவப்பு ஓடும். சவரம் செய்த ஆண்களின் தாடையில் நீலமோ பச்சையோ கலந்த சாம்பல் ஓடும். நெற்றி மஞ்சள், நடு சிவப்பு, தாடை நீலம் என்ற இந்த மூன்று பட்டைகள் கருத்த முகத்திலும் உண்டு, சிவந்த முகத்திலும் உண்டு. அளவுதான் கூடக் குறைய இருக்கும்.

கருத்த தோலுக்கு இன்னொரு குணம் இருக்கிறது, என் முதல் படத்தில் தவறவிட்டது அதைத்தான். வெளிறிய தோல் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் தன் நிறமாகவே திருப்பி அனுப்பிவிடும். கருத்த தோல் அதை உள்வாங்கிக்கொள்ளும். அதனால் மேல் பரப்பில் படியும் பளபளப்பு தனியாக, எடுப்பாகத் தெரியும். அந்தப் பளபளப்பின் நிறம் தோலின் நிறம் அல்ல, ஒளி வரும் இடத்தின் நிறம். திறந்த வானத்தின் கீழ் என்றால் நெற்றி மேட்டிலும் கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் வெளிர் நீலம் படியும். குண்டு பல்பு வெளிச்சத்தில் அது ஆரஞ்சு. கருத்த முகம் சுற்றியிருக்கும் உலகத்தின் நிறங்களை எல்லாம் வாங்கிக் காட்டும் முகம். அதை ஒற்றை பிரவுனில் முடித்துவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

கலவைகளுக்கு வருவோம். வெளிச்சப் பகுதிக்கு எல்லோ ஆக்கரில் துளி பர்ன்ட் சியன்னா, தண்ணீர் நிறைய. வெளிச்சம் நிழலாகத் திரும்பும் நடுப்பகுதிக்கு பர்ன்ட் சியன்னாவும் அலிசரினும். நிறம் ஆகச் செறிந்து நிற்கும் இடம் இந்தத் திருப்பம்தான், இங்கே தைரியமாகச் சிவப்பை விடுங்கள். நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ரா மரைனும். நீலம் கூடினால் குளிர்ந்து பின்னால் போகும், சியன்னா கூடினால் சூடாகி முன்னால் வரும். ஆக இருண்ட இடத்துக்கு இதே இரண்டையும் தண்ணீர் குறைத்துக் கெட்டியாக எடுத்து, கொஞ்சம் அலிசரின் சேர்த்தால், எந்தக் கருப்பு ட்யூபிலும் கிடைக்காத உயிருள்ள கருமை கிடைக்கும். நிறம் கலக்கும் பேலட்டில் கலவையைச் சட்டினி மாதிரி அரைக்காதீர்கள். பாதி கலந்த நிலையில் எடுத்துத் தாளில் விட்டால், ஈரத்துக்குள் அவை தாமாகக் கலந்துகொள்ளும்.

கருப்பே கூடாது என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் எண்ணெய் வண்ணத்தில் எல்லோ ஆக்கர், வெர்மிலியன் சிவப்பு, கருப்பு, வெள்ளை என்ற நான்கை வைத்தே அற்புதமான முகங்களைத் தீட்டியவர். அவர் படங்களில் கருப்பு ஒரு நீலத்தின் வேலையைச் செய்கிறது. நான் செய்தது வேறு. நிறத்தை இருட்டாக்கக் கருப்பை ஊற்றினேன்.

இதற்கு ஒரு பயிற்சி: ஜன்னலோரம் உங்கள் இடது கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புறங்கையின் நிறத்தையும் உள்ளங்கையின் நிறத்தையும் விரல் கணுவின் நிறத்தையும் தனித்தனிக் கட்டங்களில் கலந்து பாருங்கள். கை வரைய வேண்டாம், நிறக் கட்டங்கள் மட்டும். காய்ந்ததும் வாட்டர் கலர் வெளிறும் என்பதால் ஈரத்தில் ஒரு படி அழுத்தமாகவே போடுங்கள். ஒரு வாரம் இதைச் செய்தால் கண் மாறிவிடும்.

ஆச்சியை மறுபடி வரைந்த காலை

இனி ஒரு படத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்கிறேன். காலை ஏழரை மணி. "அசையாம இருக்கணுமாய்யா?" என்று ஆச்சி கேட்டார். "வேண்டாம் ஆச்சி, நீங்க பாட்டுக்குக் கீரையைக் கட்டுங்க" என்றேன். வேலை செய்பவர்களை அசையாமல் உட்காரச் சொன்னால் முகம் இறுகிவிடும். வேலையில் இருப்பவர்கள் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். ஆச்சி கைப்பிடிக் கீரையை அள்ளி, வேரைத் தட்டி நேராக்கி, வாழைநாரை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லில்லாத வாயில் ஒரு நுனியைக் கவ்விக்கொண்டு மறு நுனியை இழுத்து முடிச்சுப் போடுவார். ஒவ்வொரு கட்டுக்கும் தலை அதே சாய்வுக்கு வரும். அந்தச் சாய்வுக்காகக் காத்திருந்து வரைந்தேன்.

பென்சில் 20 நிமிடம். 2பி-யில், அழுத்தாமல். நிழல் திட்டின் ஓரத்தையும் கோடாகவே குறித்தேன். ஷேடிங் போடவில்லை, போட்டால் மேலே வரும் நிறம் அழுக்காகும். முடித்ததும் புட்டி ரப்பரை உருட்டித் தாள்மேல் ஓட்டி, கோடு மங்கலாகத் தெரிகிற அளவுக்குக் குறைத்தேன்.

முதல் வாஷ், அதாவது நீர்த்த நிறப் பூச்சு. பலகையின் மேல் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டு, 12 ஆம் எண் பிரஷ்ஷில் எல்லோ ஆக்கரும் சியன்னாவும் கலந்த நீர்த்த நிறத்தை நெற்றியிலிருந்து கழுத்து வரை, கைகள் வரை ஒரே ஓட்டமாக இறக்கினேன். கன்ன எலும்பிலும் மூக்குத் தண்டிலும் மட்டும் தாளை அப்படியே விட்டேன். ஈரம் இருக்கும்போதே கன்னத்திலும் காதிலும் அலிசரின் ஒரு சொட்டு. பளபளப்பு இடங்களில் தண்ணீர் மாதிரியான செருலியன். கண், உதடு என்று எதையும் சுற்றிக்கொண்டு போகவில்லை. எல்லாம் ஒரே தோல். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். புறங்கையைத் தாள்மேல் லேசாக வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். மே மாதத்தில் ஐந்து நிமிடம்கூடப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை மணி நேரம் ஆகும்.

இரண்டாவது, நிழல். இதுதான் படத்தைத் தூக்கி நிறுத்தும் இடம். 8 ஆம் எண் பிரஷ்ஷில் நிறத்தை நிறைய எடுத்து, வாய்க்கால் போன்ற அந்த ஒற்றை நிழலைப் புருவத்துக்கு அடியிலிருந்து தொடங்கிக் கன்னம், கழுத்து என்று நிறுத்தாமல் இறக்கினேன். மேலே சியன்னாவும் நீலமும், கன்னத்தில் சிவப்பு கூட்டி, தாடைக்கு அடியில் வரும்போது எல்லோ ஆக்கரும் நீலமும் கலந்த மங்கல் பச்சை. அது கீரையிலிருந்து எழும்பி வரும் ஒளி. மூக்கு நிழலின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக நிற்க வேண்டும், கன்னம் உருண்டு திரும்பும் இடத்தில் ஓரம் கரைய வேண்டும். கரைக்க, அலசிப் பிழிந்த ஈரப் பிரஷ்ஷால் அந்த ஓரத்தை ஒரே ஒரு தடவை தொட்டு இழுத்தால் போதும். இரண்டாம் தடவை தொட்டால் கலங்கிவிடும்.

மூன்றாவது, இருண்ட இடங்கள். மேல் இமையின் கோடு, மூக்குத் துவாரம், இரண்டு உதடும் சேரும் கோடு, காதுத் துளையின் உள்ளே. 4 ஆம் எண் பிரஷ், கெட்டியான கலவை, எண்ணிப் பத்துப் பன்னிரண்டு தொடுகை. கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருக்காது. மேல் இமையின் நிழல் அதன்மேல் விழும், சாம்பலாகப் போடுங்கள். கருவிழியில் ஒரு பொட்டுத் தாளை விட்டுவிட்டால் பார்வை வந்துவிடும். ஆச்சி முகத்தில் எண்ண முடியாத சுருக்கம். அதில் மூன்றைத்தான் எடுத்தேன்: மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்குவது, கண் முனையில் ஒன்று, நெற்றியில் ஒன்று. எல்லாவற்றையும் வரைந்தால் வயது மட்டும்தான் தெரியும், ஆச்சி தெரிய மாட்டார்.

பாம்படத்துக்குப் பொன் நிறப் பெயின்ட் தேவையில்லை. எல்லோ ஆக்கர் ஒரு பூச்சு, பர்ன்ட் சியன்னா ஓரத்தில், அதை ஒட்டினாற்போல முன்பு சொன்ன கெட்டியான கரும் கலவை, நடுவில் ஒரு துளி வெள்ளைத் தாள். மிகப் பளிச்சென்ற வெள்ளையும் மிக இருண்ட நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கண் அதை உலோகம் என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சேலைக்கும் அப்படித்தான். வெயில் படும் இடம் தாள். மடிப்பின் நிழலுக்கு நீர்த்த நீலச் சாம்பல். மடியில் கீரையின் பச்சை கொஞ்சம். கைகளை முகத்தின் அளவுக்குத் தீர்க்கமாக முடிக்கவில்லை. விரல் கணுக்களில் சிவப்பும் நகத்தில் ஒரு வெளிச்சமும் கொடுத்துவிட்டு, வாழைநார் முடிச்சை மட்டும் தெளிவாக வரைந்தேன்.

இடையில் ஒரு தவறு நடந்தது. கழுத்து பாதி காய்ந்திருக்கும்போது பிரஷ்ஷிலிருந்து தண்ணீர் சொட்டி, காலிஃபிளவர் மாதிரி ஓரம் விரிந்த கறை விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் தொடக் கூடாது. முழுசாகக் காயவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் ஓரத்தை மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தேன். நிறம் சேறாகிப் போவதற்கு இரண்டு காரணம்தான்: நான்கைந்து நிறங்களை ஒன்றாகக் கலப்பது, அல்லது காயாத இடத்தைத் திரும்பத் திரும்பத் துழாவுவது.

எப்போது நிறுத்துவது என்று கேட்பார்கள். பிரஷ்ஷை எங்கே வைக்கலாம் என்று தேட ஆரம்பித்துவிட்டால் படம் முடிந்துவிட்டது. பத்தடி தள்ளி வைத்துப் பாருங்கள். தலையின் சாய்வும் நிழலின் ஓரமும் அங்கிருந்து சரியாகத் தெரிந்தால் எடுத்து வைத்துவிடலாம். தாளின் பின்பக்கம் தேதி, நேரம், பயன்படுத்திய நிறங்களின் பெயர் எல்லாவற்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே ஆளிடம் போகும்போது அது உதவும். முன்பின் தெரியாதவரை மணிக்கணக்காகப் பார்த்து வரைவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், முடித்ததும் அவரிடம் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நோட்டை மூடிவிட வேண்டியதுதான்.

ஆச்சி இந்தத் தடவை படத்தை வாங்கி, தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "காது என் காதுதான்" என்று சொல்லிவிட்டுத் தன் காது மடலைத் தடவிக்கொண்டார். பிறகு கன்னத்தில் நான் விட்டிருந்த நீலத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். மேலே கையைக் காட்டினேன். தலையைத் தூக்கி, கூரையின் இடுக்கில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். படத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன். கீரைக்குத் தண்ணீர் தெளிக்கும் கை அது, வாட்டர் கலருக்கு ஆகாது என்பதால் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கொடுத்தேன். ஆச்சி அதை வாங்கி, சாக்கின் பின்பக்கம், தண்ணீர் தெறிக்காத மூலையாகப் பார்த்துச் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த கட்டுக்கு வாழைநாரை எடுத்தார்.